இரினா டெரெவ்கோ

இரினா டெரெவ்கோ, ஏலியஸ் என்னும் அமெரிக்க உளவுத் தொலைக்காட்சித் தொடரின் முதன்மைக் கதைமாந்தர்களுள் ஒருவர். ஜே. ஜே. ஏப்ரம்ஸ் உருவாக்கிய இத்தொடர் ஏபிசி தொலைக்காட்சியில் 2001 செப்டம்பர் முதல் 2006 மே வரை ஐந்து பருவங்களாக, 105 பகுதிகளாக ஒளிபரப்பானது. இரினாவாக நடித்தவர் சுவீடன் நாட்டு நடிகை லேனா ஓலின். இப்பாத்திரத்தின் இயல்பு தொடர் முழுவதும் மாறாதிருந்ததா என்பது இரசிகர்களிடையே நீண்ட விவாதத்துக்கு உரியதாயிற்று.

கதையில் இரினா

இரினா சோவியத் ஒன்றியத்தின் கேஜிபி உளவாளி. லாரா என்னும் பொய்ப்பெயரில் சிஐஏ அதிகாரி ஜாக் பிரிஸ்டோவை மணந்து, அவரிடமிருந்து இரகசியங்களைத் திருடி, பின்னர் இறந்துவிட்டதாக நம்பவைத்து மறைந்தவர். இவர்களின் மகள் சிட்னியே தொடரின் நாயகி. இரண்டாம் பருவத் தொடக்கத்தில் இரினா தம் மகளையே சுட்டுக் காயப்படுத்துகிறார். பிறகு தாமாகவே சிஐஏவிடம் சரணடைகிறார். சிறையிலிருந்தபடி மகளுக்கு உதவி, ஈற்றில் தப்பிச் செல்கிறார். அவர் காட்டியது தாயன்பா நடிப்பா என்பதைக் கதை வெளிப்படையாகச் சொல்லவில்லை. பாத்திரத்தின் வலிமையே அதுதான். இப்பருவத்துக்காக ஓலின் எம்மி விருதுக்குப் பரிந்துரைக்கப்பட்டார்.

விவாதம்

மூன்றாம் பருவத்தில் ஓலின் நடிக்கவில்லை. இசபெல்லா ரோசலினி நடித்த காத்யா என்னும் சகோதரி பாத்திரம் அறிமுகமானது. நான்காம் பருவத்தில், சிட்னியைக் கொல்ல இரினா ஆளமர்த்தியதாகவும் அதனால் ஜாக் அவரைக் கொன்றதாகவும் கூறப்பட்டது. பருவ இறுதியில் இது தலைகீழானது: கொலைத்திட்டம் மற்றொரு சகோதரி எலேனாவின் சதி, இறந்தவரோ இரினாவின் உருவத்துக்கு மாற்றப்பட்ட வேறொருவர். திரும்பி வந்த இரினா மகளுக்குத் துணைநின்றார். ஆனால் 2006 மே 22 அன்று ஒளிபரப்பான இறுதிப் பகுதியில் ஆங்காங்கில் மகளுடன் மோதி, ராம்பால்டி என்னும் கற்பனை ஞானியின் படைப்பொன்றை எட்டிப் பிடிக்க முயன்று, கண்ணாடிக் கூரை உடைந்து விழுந்து இறக்கிறார்.

இம்முடிவு பாத்திரத்துக்குச் செய்த துரோகம் என்பது ஒரு சாராரின் கருத்து. அதே பருவத்தில் சிட்னியின் பிரசவத்தின்போது உடனிருந்து உதவிய தாய், பின்னர் அவளைக் கொல்லத் துணிவாரா என்பது அவர்கள் கேள்வி. மறுசாரார் அதே பிரசவக் காட்சியையே சான்றாகக் காட்டுகின்றனர். குழந்தை பெற்றது கேஜிபியின் கட்டளைப்படி என்றும், உளவாளியாகவும் தாயாகவும் ஒருசேர இருக்க முடியாதென உணர்ந்து தாய்மையில் தோற்பதைத் தாம் தேர்ந்ததாகவும் இரினா அங்கு கூறுகிறார். அவ்வகையில் இறுதிச் செயல் அவரது பழைய முடிவின் தொடர்ச்சியே.

உண்மையில் இறுதிப் பகுதியைவிட நான்காம் பருவமே வலுவற்றது எனலாம். உருவமாற்றம் இரண்டாம் பருவத்திலேயே கதைக்குள் வந்துவிட்ட உத்தியாதலால் அது விதிமீறலன்று. ஆயினும் மகளைக் கொல்ல இரினா துணிவாரா என்ற வினாவை எழுப்பிவிட்டு, குற்றத்தை வேறொருவர் மீது சுமத்தியதால் விடை தள்ளிப்போடப்பட்டது. அவ்விடை திடீரென இறுதியில் வந்தபோது, பலருக்கு அது வேறொரு பெண்ணின் செயலாகத் தோன்றியது.

இதே தொடரில் ஆர்வின் சுலோன் பகைவன், அறப்பணியாளர், சிட்னியின் மேலதிகாரி, மீண்டும் பகைவன் எனப் பலமுறை மாறினார். ஆனால் ராம்பால்டி மீதான வெறியும் மகள் நாடியா மீதான பாசமும் அவரிடம் எப்போதும் வெளிப்படையாகவே காட்டப்பட்டன.