27 ரைட், 27 லெஃப்ட்

டேக்ஆஃபுக்கு ஓடுகிற விமானத்தில் ஏதோ சரியில்லை என்று தெரிந்தால், உடனே நிறுத்துவதுதான் பாதுகாப்பு என்று தோணும். ஜன்னல் சீட்டில் உட்கார்ந்திருக்கும்போது எனக்கும் அப்படித்தான். ஆனா ஒரு வேகத்துக்கு மேல் கதை தலைகீழ். அந்த வேகத்துக்குப் பேர் வி1. அதற்குள் நிறுத்த ஆரம்பித்தால் மிச்ச ஓடுபாதையில் நின்றுவிடலாம். தாண்டிவிட்டால், ஒரு இன்ஜின் போனாலும் மேலே ஏறி, சுற்றி வந்து இறங்குவதுதான் வழி. எடை, ஓடுபாதை நீளம், காற்று, வெப்பம் எல்லாம் பார்த்து ஒவ்வொரு டேக்ஆஃபுக்கும் இதைத் தனியாகக் கணக்கிடுகிறார்கள்.

2014 மார்ச் 13, பிலடெல்பியா. ஃபோர்ட் லாடர்டேல் போகவேண்டிய யுஎஸ் ஏர்வேஸ் 1702, ஏர்பஸ் ஏ320. உள்ளே பயணிகள் 149 பேர், பணியாளர்கள் 5 பேர். கொடுத்த ஓடுபாதை 27 லெஃப்ட். துணை விமானி கணினியில் போட்டது 27 ரைட். கேப்டன் கவனித்துச் சொன்னார், அவரும் மாற்றினார். தப்பு நடந்தது, பிடித்தார்கள், திருத்தினார்கள். இதுவரை எல்லாம் ஒழுங்கு.

வில்லங்கம் அந்தத் திருத்தத்தில்தான். புது ஓடுபாதைக்கான வேக எண்களையும் ஃப்ளெக்ஸ் வெப்பநிலையையும் மறுபடி ஏற்ற வேண்டும். அது நடக்கவில்லை. (இன்ஜின் தேயாமல் இருக்க, முழு விசைக்குப் பதில் போதுமான விசையோடு கிளம்புவார்கள். எவ்வளவு குறைக்கலாம் என்று சொல்வதுதான் ஃப்ளெக்ஸ்.) நிரல் எழுதுகிறவர்களுக்கு இது பழகின வலி: ஒரு புலத்தை மாத்துவோம், அதை நம்பியிருக்கிற மற்றது காலியா நிற்கும், நமக்கு உறைக்காது. டேக்ஆஃபுக்கு முன் கணினியில் எல்லாம் ஏறியிருக்கிறதா என்று சரிபார்க்கும் படியும் தவறிப்போனது.

கேப்டன் த்ரஸ்ட் லீவர்களை ஃப்ளெக்ஸ் இடத்தில் வைத்தார். கணினியில் அதற்கான எண் இல்லை. லீவர் சரியாக இல்லை என்று மணி அடித்து, திரையில் எச்சரிக்கை வந்தது. செய்யவேண்டியது ஒன்றே ஒன்று: லீவரை முழு விசைக்கு, அதாவது டோகா இடத்துக்கு, முன்னே தள்ளுவது. லீவர் சரியாகத்தான் இருக்கு என்று நினைத்த கேப்டன் ஓட்டத்தைத் தொடர்ந்தார்.

80 நாட்டைத் தாண்டியதும் 'ரிட்டார்ட்' என்று குரல் வந்தது. தரையிறங்கும்போது லீவரைப் பின்னால் இழு என்று நினைவூட்டுகிற குரல் அது. முன்னே தள்ளவேண்டிய நேரத்தில் இயந்திரம் பின்னே இழுக்கச் சொல்கிறது! டேக்ஆஃப் ஓட்டத்தில் இந்தக் குரல் வரக்கூடும் என்று அந்த இருவருக்கும் தெரியாது. இதை வடிவமைத்தவர்கள்மேல் எனக்குக் கொஞ்சம் கோபமே உண்டு.

அன்றைய வி1 157 நாட். அதைத் தாண்டி, மூக்கையும் தூக்கியாச்சு. அப்போதுதான் கேப்டன் விசையைக் குறைத்து மூக்கைக் கீழே அழுத்தினார். விமானம் ஓடுபாதையில் மோதி, முன்சக்கரம் முறிந்து, உராய்ந்துகொண்டே போய் நின்றது. யாரும் சாகவில்லை. விமானம் தேறவில்லை.

விமானம் பறக்க லாயக்கில்லை என்று தோன்றியதாகக் கேப்டன் பின்னால் சொன்னார். உண்மையில் அது நன்றாகவே வேகம் பிடித்து எழும்பிக்கொண்டிருந்தது. அமெரிக்காவின் தேசியப் போக்குவரத்துப் பாதுகாப்பு வாரியம் விபத்துக்குக் காரணமாக எழுதியது தப்பாய்ப் போட்ட ஓடுபாதையை அல்ல, மூக்கு தூக்கியபின் டேக்ஆஃபைக் கைவிட்ட முடிவை. சரிபார்க்காததும் லீவரை டோகாவுக்குத் தள்ளாததும் துணைக் காரணங்கள்.

எனக்கு மறக்காமல் நிற்பது துணை விமானி விசாரணையில் சொன்னது. வேக எண் தெரியாமல் கேப்டன் டேக்ஆஃபைத் தொடரமாட்டார் என்று அவர் நினைத்துக்கொண்டாராம். 80 நாட்டில் வாயைத் திறந்து சொல்லியிருந்தால், நிறுத்த முழு ஓடுபாதையும் முன்னால் கிடந்தது.