கோளாறு தெரிந்தால் போதுமா? உரியவர் வீட்டில் மணி அடிக்க வேண்டும்!

மாதத்தின் முதல் ஞாயிற்றுக்கிழமை, மாலை ஏழு மணி. கல்லாவின் முன் பத்துப் பேர் நிற்கிறார்கள். கணினித் திரையில் வட்டம் சுற்றிக்கொண்டே இருக்கிறது, பில் வரவில்லை. கடைப் பையன் இணையப் பெட்டியை அணைத்துப் போடுகிறான். முதலாளி பில்லிங் கம்பெனிக்குப் போன் செய்கிறார், எடுக்க ஆளில்லை. மெக்கானிக் வந்து கணினியைப் பிரித்துப் பார்த்து, கூலியும் வாங்கிக்கொண்டு போகிறார். இரண்டு மணி நேரம் கழித்து எல்லாம் தானே சரியாகிவிடுகிறது. அதற்குள் பாதிப் பேர் கூடையை வைத்துவிட்டு அடுத்த கடைக்குப் போயிருப்பார்கள்.

இப்படி ஒரு மாலைப்பொழுது நம்மில் பலருக்கு வாய்த்திருக்கும். இதில் கோளாறு நம் கடையில் இல்லை, எங்கோ இருந்தது. அதை முன்கூட்டியே நமக்குச் சொல்லியிருக்க முடியுமா? முடியும். அதற்கான ஏற்பாடு என்ன, அதை யாரிடம் கேட்டு வாங்குவது என்பதை இக்கட்டுரையில் காண்போம்.

நம் பேரேடு எங்கே இருக்கிறது?

இன்று பல கடைகளில் விலைப்பட்டியலும் இருப்புக் கணக்கும் கடைக் கணினியில் இருப்பதில்லை. பில்லிங் கம்பெனி அவற்றைக் ‘கிளவுட்’ எனப்படும் வாடகைக் கணினி நிலையத்தில் வைத்திருக்கிறது. நம் சரக்கை வாடகைக் கிடங்கில் இறக்கி வைப்பது போலத்தான் இதுவும். அமேசான் நிறுவனம் மும்பையில் 2016இலும், ஐதராபாத்தில் 2022இலும் இத்தகைய நிலையங்களைத் திறந்தது. மைக்ரோசாப்டுக்குச் சென்னையிலேயே நிலையம் உண்டு.

கிடங்கில் கோளாறு ஏற்பட்டால் கிடங்குக்காரர் அறிவிப்புப் பலகையில் எழுதிப் போடுகிறார். அமேசானில் இதற்கு ‘ஹெல்த் டாஷ்போர்டு’ என்றும், மைக்ரோசாப்டில் ‘சர்வீஸ் ஹெல்த்’ என்றும் பெயர். பொதுவான அறிவிப்புகளோடு, இன்ன வாடிக்கையாளரின் கணக்கை இது பாதிக்கிறது என்ற தனி அறிவிப்பும் அதில் வரும். ஆனால் இரவு இரண்டு மணிக்கோ ஞாயிறு மாலையிலோ பலகையை யார் போய்ப் பார்ப்பது?

கூர்க்கா கற்றுத் தரும் பாடம்

கடைவீதிக் கூர்க்கா, ஷட்டர் பூட்டாமல் கிடப்பதைப் பார்த்தால் விசில் ஊதிவிட்டு அடுத்த தெருவுக்குப் போய்விடுவதில்லை. முதலாளி வீட்டுக் கதவைத் தட்டுவார். அவர் ஊரில் இல்லையென்றால் தம்பி வீட்டைத் தட்டுவார். ஒருவர் எழுந்து வந்து “நான் பார்த்துக்கொள்கிறேன்” என்று சொன்ன பிறகே நகருவார்.

கணினித் துறையில் இந்த வேலையைச் செய்யும் சாதனங்கள் உள்ளன. ‘பேஜர்டியூட்டி’ அவற்றில் பெயர் பெற்றது. 2009இல் கனடாவின் டொரோண்டோ நகரில் தொடங்கப்பட்டது. இந்த வாரம் யாருடைய முறை என்ற பட்டியல் அதில் இருக்கும். கோளாறுச் செய்தி வந்ததும் முறைக்காரரின் கைப்பேசிக்கு அழைப்பு போகும். அவர் “பெற்றுக்கொண்டேன்” என்று பதில் தராவிட்டால், குறித்த நிமிடங்களுக்குப் பின் அடுத்தவருக்குப் போகும். அவரும் எடுக்காவிட்டால் மேலாளருக்குப் போகும். ஆள் கணக்கில் சந்தா கட்ட வேண்டியிருக்கும்.

பலகையையும் மணியையும் இணைப்பது எப்படி?

அமேசானில் இதற்கு மூன்று கண்ணிகள். முதலில், அழைப்புச் சாதனத்தில் செய்தி வாங்கும் முகவரி ஒன்றைப் பெற வேண்டும். இரண்டாவது, ‘எஸ்.என்.எஸ்.’ என்ற செய்தி விநியோகச் சேவையில் அந்த முகவரியைப் பதிய வேண்டும். மூன்றாவது, ‘ஈவென்ட்பிரிட்ஜ்’ சேவையில், “ஹெல்த் அறிவிப்பு வந்தால் அங்கே அனுப்பு” என்று விதி எழுத வேண்டும். மைக்ரோசாப்டில் சர்வீஸ் ஹெல்த் எச்சரிக்கையை ‘ஆக்‌ஷன் குரூப்’ என்பதோடு இணைத்தால் போதும். விவரம் தெரிந்தவருக்கு இது பெரிய வேலையன்று.

ஆனால் எல்லா அறிவிப்புக்கும் மணி அடிக்கவிடக் கூடாது. அமேசானின் அறிவிப்புகளில் முக்கியமானவை மூன்று வகை: நடந்துகொண்டிருக்கும் கோளாறு, முன்கூட்டித் திட்டமிட்ட மாற்றம், கணக்கு பற்றிய தகவல். முதல் வகைக்கு மட்டுமே ஆளை எழுப்ப வேண்டும். மற்றவை காலையில் மின்னஞ்சலில் வந்தால் போதும். நாம் பயன்படுத்தாத சேவையையும், நமக்குச் சம்பந்தமில்லாத ஊரையும் விதியிலேயே நீக்கிவிட வேண்டும். தினமும் வெறுமனே அடிக்கும் மணியை நான்காம் நாள் யாரும் மதிக்க மாட்டார்கள்.

விளக்கும் மணியும் ஒரே கம்பியில் வேண்டாம்

28 பிப்ரவரி 2017 அன்று அமேசானின் அமெரிக்க வர்ஜீனியா நிலையத்தில் ‘எஸ்3’ என்ற சேமிப்புச் சேவை முடங்கியது. சில கணினிகளை மட்டும் நிறுத்த எண்ணிய ஊழியர் கட்டளையில் தவறான மதிப்பைக் கொடுத்துவிட்டார். அதிக எண்ணிக்கையில் நின்றுபோயின. இதில் நாம் கவனிக்க வேண்டியது வேறு. கோளாறை அறிவிக்கும் பலகையைத் திருத்தும் வசதியும் அதே எஸ்3ஐ நம்பியிருந்தது. அதனால் ஏறக்குறைய இரண்டு மணி நேரம் பலகையில் உண்மை நிலையை எழுத முடியவில்லை. நிறுவனம் ட்விட்டரில் செய்தி சொல்ல வேண்டியதாயிற்று. பிறகு அந்த அமைப்பைப் பல ஊர் நிலையங்களில் பரப்பி வைத்தார்கள்.

20 அக்டோபர் 2025, நமக்குத் தீபாவளி நாள். பகல் பன்னிரண்டேகாலுக்கு அதே வர்ஜீனியாவில் மற்றொரு கோளாறு தொடங்கியது. ‘டைனமோடிபி’ என்ற தரவுச் சேவையின் முகவரிப் பதிவு, தானியங்கி அமைப்பின் பிழையால் வெறுமையாகிவிட்டது. பல நாடுகளில் செயலிகள் நின்றன. முழுவதும் சீராக நம் நேரப்படி மறுநாள் அதிகாலை ஆகிவிட்டது. இடையில் சில மணி நேரம், உதவி கேட்டுப் புகார் பதிவதே வாடிக்கையாளர்களுக்குச் சிரமமாக இருந்தது.

இவை இரண்டும் காட்டுவது ஒன்றே. கிடங்குக்காரரின் பலகையை மட்டும் நம்பக் கூடாது. அவர் சோதித்து உறுதி செய்த பிறகே எழுதுவார். அதற்குள் நம் கடையில் கூட்டம் சேர்ந்துவிடும். ஆகவே கிளவுடுக்கு வெளியே, வேறு இடத்திலிருந்து, நிமிடத்துக்கு ஒரு முறை மாதிரி பில் போட்டுப் பார்க்கும் காவல் ஒன்றும் வேண்டும். அதுவும் அதே அழைப்புச் சாதனத்தோடு இணைந்திருக்க வேண்டும். பில் நின்றது என்று வெளிக்காவல் சொல்லும். ஏன் நின்றது என்று ஹெல்த் அறிவிப்பு சொல்லும். இரண்டும் சேர்ந்தால் வீண் தேடல் மிச்சம்.

நாம் கேட்க வேண்டியவை

இந்த ஏற்பாட்டைச் சில்லறைக் கடைக்காரர் தாமே செய்ய வேண்டியதில்லை. செய்ய வேண்டியவர் பில்லிங் கம்பெனிக்காரர். சொந்தமாக ஆர்டர் செயலி வைத்திருக்கும் மொத்த வியாபாரிகள் தங்கள் மென்பொருள் ஆளிடம் செய்யச் சொல்லலாம். ஆண்டுச் சந்தாவைப் புதுப்பிக்கும் முன் நாம் நான்கு கேள்விகள் கேட்போம்.

1. கிளவுட் கோளாறு அறிவிப்பு உங்களில் யாருடைய கைப்பேசியில், எத்தனை நிமிடத்தில் ஒலிக்கும்?

2. அவர் எடுக்காவிட்டால் அடுத்தவர் யார்? ஞாயிற்றுக்கிழமையும் பண்டிகை நாளும் பட்டியலில் உண்டா?

3. கோளாறு உங்கள் பக்கம் என்று தெரிந்ததும் கடைகளுக்குக் குறுஞ்செய்தி அனுப்புவீர்களா?

4. இந்த மணியைக் கடைசியாக எப்போது அடித்துச் சோதித்தீர்கள்?

மூன்றாவது கேள்வியே நமக்கு உயிர். மணி அடித்ததனால் கோளாறு உடனே நீங்கிவிடாது. ஆனால் “உங்கள் கணினியில் பழுதில்லை, கைப்பில் போடுங்கள்” என்று ஒரு வரி வந்தால் மெக்கானிக் கூலி மிஞ்சும், வாடிக்கையாளரும் மிஞ்சுவார். அந்தச் செய்தி வரும் நேரத்தில் கல்லாவுக்கு அடியில் ஒரு பில் புத்தகமும், அச்சிட்ட விலைப்பட்டியலும் தயாராக இருக்கட்டும். விலைப்பட்டியலை வாரம் ஒருமுறை புதுப்பித்து வைப்பது நம் பொறுப்பு.

கூர்க்காவுக்கு நாம் மாதப் பணம் கொடுப்பது விசில் சத்தத்துக்காக அல்ல, கதவைத் தட்டுவார் என்ற நம்பிக்கைக்காக. சந்தா வாங்கும் மென்பொருள் கம்பெனியிடமும் அதையே எதிர்பார்ப்போம்.