உப்பு கத்தும், தங்கம் முனகும்... பீச்சில் மெட்டல் டிடெக்டரை எப்படி 'செட்' செய்கிறார்கள்?

அமெரிக்காவின் ஃப்ளோரிடாவில், கிழக்குக் கடற்கரையின் ஒரு பகுதிக்குப் பெயரே 'ட்ரெஷர் கோஸ்ட்', அதாவது புதையல் கரை. 1715 ஜூலை 31-ம் தேதி தங்கமும் வெள்ளியும் ஏற்றிக்கொண்டு ஸ்பெயினுக்குத் திரும்பிய 11 கப்பல்கள் சூறாவளியில் சிக்கி இங்கேதான் அழிந்தன. 1950-களில் கிப் வாக்னர் என்ற வீடு கட்டும் கான்ட்ராக்டர், ராணுவம் கழித்துவிட்ட பழைய டிடெக்டரை வைத்துக்கொண்டு இந்த மணலைத் துழாவினார். அதன் பிறகு புயல் ஓய்ந்தாலே போதும், ஹெட்போனை மாட்டிக்கொண்டு ஆட்கள் இறங்கிவிடுவார்கள்.

இவர்களுக்குப் பெரிய எதிரி உப்புதான். உப்புத் தண்ணீர் மின்சாரத்தைக் கடத்தும். அதனால் காய்ந்த மணலில் ஒழுங்காக வேலை செய்யும் சாதாரண டிடெக்டர், ஈர மணலுக்குப் போனதும் எங்கு பார்த்தாலும் உலோகம் என்று கத்த ஆரம்பிக்கும். இதற்காகத்தான் 'பல்ஸ் இண்டக்‌ஷன்' டிடெக்டர்.

பானையும் மணியும்

இதன் காயில், மின்சாரத்தைச் சட்டென்று பாய்ச்சி உடனே நிறுத்தும். அந்த நொடியில் மண்ணுக்குள் கிடக்கும் உலோகத்தில் சிறு மின்னோட்டம் சுழலும். கோயில் மணியை அடித்தால் ரீங்காரம் நீடிப்பதுபோல, நாணயத்தில் அது கொஞ்ச நேரம் நிற்கும். உப்பு மணலிலும் சுழலும்தான். ஆனால் மண்பானையைத் தட்டியதுபோல சில மைக்ரோ செகண்டில் அடங்கிவிடும். (ஒரு விநாடியை 10 லட்சமாகப் பிரித்தால் ஒரு மைக்ரோ செகண்ட்!)

அப்படியானால், மின்சாரத்தை நிறுத்தியதும் கொஞ்சம் பொறுத்திருந்து காது கொடுத்தால் உப்பு கேட்காது, நாணயம் மட்டும் கேட்கும். எவ்வளவு பொறுப்பது என்பதை முடிவு செய்வதுதான் 'பல்ஸ் டிலே' குமிழ்.

சிக்கலும் இங்கேதான். மெல்லிய தங்கச் சங்கிலியின் ரீங்காரமும் மிகக் குறுகியது. ஒவ்வொரு கண்ணியும் தனித்தனி என்பதால் சத்தம் எழும்புவதே இல்லை. டிலேயை 10 மைக்ரோ செகண்ட் வாக்கில் வைத்தால் மெல்லிய தங்கம் மாட்டலாம். கூடவே உப்பும் கத்தும். 15, 20 என்று கூட்டினால் உப்பு அடங்கும். சங்கிலியும் மௌனமாகிவிடும்! அறுபடாத கல்யாண மோதிரம் எவ்வளவோ மேல். முழு வளையம் என்பதால் நன்றாகவே ஒலிக்கும்.

அலை திரும்பும் இடத்தில்

அதனால் வீட்டில் உட்கார்ந்து செட் செய்து பயனில்லை. அலை வந்து திரும்பும் ஈர மணலில் நின்று, டிலேயைக் குறைந்த அளவில் வைத்து, காயிலை ஒரே உயரத்தில் மெதுவாக வீச வேண்டும். பிறகு குமிழைத் துளித்துளியாகக் கூட்டி, உப்புச் சத்தம் அடங்கும் இடத்தில் நிறுத்திவிட வேண்டும். காதுக்கு இதமாக இருக்கிறதே என்று இன்னும் ஒரு சுற்று திருகுபவர்கள் உண்டு. அங்கேதான் நகை கைவிட்டுப் போகிறது.

'த்ரெஷோல்ட்' குமிழைப் பொறுத்தவரை, கொசு ரீங்காரம்போல மெல்லிய சத்தம் எப்போதும் கேட்டுக்கொண்டிருந்தால் போதும். ஆழத்தில் இருக்கும் பொருள் அந்த ரீங்காரத்தைத்தான் லேசாக அசைக்கும். சரிபார்க்க எளிய வழி, சொந்த மோதிரத்தை நூலில் கட்டி அதே மணலில் புதைத்துப் பார்ப்பது. (நூலை மறந்துவிட்டால் அடுத்த புதையல் அதுதான்.) காய்ந்த மணலுக்கு மாறினால் மறுபடி செட் செய்ய வேண்டும்.

இந்த வகை டிடெக்டருக்கு ஆணி எது, தங்கம் எது என்று பிரித்துச் சொல்வது அவ்வளவாக வராது. சத்தம் வந்த இடத்தையெல்லாம் தோண்டியாக வேண்டும்; சோடா மூடிதான் அதிகம் வரும். தோண்டிய குழியை மூடாமல் போவது அங்கே பெரிய தப்பு. அந்தக் கரையில் கடலாமைகள் முட்டையிடுகின்றன. கடலை நோக்கிப் போகும் குஞ்சுகள் குழியில் விழுந்தால் ஏற முடியாது. கடலுக்குள் கிடக்கும் பழைய கப்பல் சிதைவுகளைத் தோண்டவோ, மாநில அரசின் அனுமதி வேண்டும்.