கடை கைமாறினால் இணைய முகவரி என்னாகும்?



ஒரு கடை கைமாறும்போது நாம் எத்தனை விஷயங்களை எண்ணிப் பார்க்கிறோம்! இருப்புச் சரக்கு, தராசு, அலமாரி, அட்வான்ஸ், வரவேண்டிய பாக்கி, கொடுக்கவேண்டிய பாக்கி, பெயர்ப்பலகை, போன் நம்பர் என்று எல்லாவற்றுக்கும் கணக்கு உண்டு. இன்று வியாசர்பாடியில் பருப்பு, அரிசி மொத்த வியாபாரம் செய்பவரும் இணையதளத்தில் விலைப்பட்டியல் போடுகிறார். ஆனால் அந்த இணைய முகவரியைப் பலர் விற்பனைப் பத்திரத்தில் எழுதுவதே இல்லை.

1996-ல் கொத்தவால் சாவடி காய்கறி மொத்த வியாபாரம் கோயம்பேட்டுக்குப் போனது நமக்கெல்லாம் நினைவிருக்கும். இடம் மாறினால், பழைய வாசலில் ‘கடை இன்ன இடத்திற்கு மாற்றப்பட்டுள்ளது’ என்று போர்டு மாட்டுவது நம் வழக்கம். இணையத்தில் இந்த வேலையைச் செய்வதற்கு ‘ரீடைரக்ட்’ என்று பெயர். போர்டு வழி மட்டுமே சொல்லும். ரீடைரக்ட் வாடிக்கையாளரைக் கையோடு அழைத்துப்போய்ப் புதுக் கடையிலேயே நிறுத்தும்.

பெரிய நிறுவனங்கள் இதில் கவனமாகவே இருக்கின்றன. துணி விற்ற ஜபாங் நிறுவனத்தை 2016 ஜூலையில் பிளிப்கார்ட் குழுமத்தின் மிந்த்ரா 7 கோடி டாலருக்கு வாங்கியது. 2020 பிப்ரவரியில் ஜபாங் மூடப்பட்டபோது, பழைய முகவரிக்கு வந்தவர்களை மிந்த்ராவுக்குத் திருப்பிவிட்டார்கள். 2020 ஜனவரி 21-ல் ஊபர் ஈட்ஸின் இந்திய வியாபாரத்தை ஜொமேட்டோ வாங்கியது. வாடிக்கையாளர்கள், ஓட்டல்கள், டெலிவரி செய்வோர் எல்லோரையும் அன்றே ஜொமேட்டோ பக்கம் திருப்பினார்கள். அவர்கள் விலை கொடுத்து வாங்கியது வாடிக்கையாளரின் பழக்கத்தைத்தான்.

சட்டமும் இதை ஒப்புக்கொள்கிறது. சென்னையைச் சேர்ந்த சத்யம் இன்ஃபோவே, தனது ‘சிஃபி’ பெயரைப் போலவே இன்னொருவர் இணைய முகவரி வைத்ததை எதிர்த்து வழக்குத் தொடர்ந்தது. 2004-ல் உச்ச நீதிமன்றம், டிரேட் மார்க்கைப் போலவே டொமைன் பெயருக்கும் பாதுகாப்பு உண்டு என்று தீர்ப்பளித்தது. ஆகவே இணைய முகவரியும் கடையின் சொத்துதான்.

கடை வாங்குவோர் கவனிக்க வேண்டியவை:

1. டொமைன் யார் பெயரில் பதிவாகியிருக்கிறது என்று முதலில் பாருங்கள். இணையதளம் அமைத்துக் கொடுத்த பையன் பெயரில் இருந்தால், முழுப்பணம் கொடுக்கும் முன்பே உங்கள் பெயருக்கு மாற்றி வாங்குங்கள்.

2. ரீடைரக்டில் நிரந்தரம், தற்காலிகம் என இரு வகை உண்டு. நிரந்தரத்துக்கு 301, தற்காலிகத்துக்கு 302 என்பது எண். கடை விலைக்கு வாங்கியதென்றால் 301 போடச் சொல்லுங்கள். அப்போதுதான் பழைய முகவரிக்கு இருந்த மதிப்பைக் கூகுள் புதிய முகவரியின் கணக்கில் சேர்க்கும்.

3. பக்கத்துக்குப் பக்கம் திருப்ப வேண்டும். மூலக்கடை மளிகைக்காரர் துவரம்பருப்பு விலைப் பக்கத்தைத் தம் போனில் குறித்து வைத்திருப்பார். அவர் புதிய தளத்திலும் துவரம்பருப்பு விலைக்கே போய்ச் சேர வேண்டும். எல்லோரையும் முகப்புப் பக்கத்தில் கொண்டுபோய் விட்டால் பாதிப் பேர் திரும்பிப் போய்விடுவார்கள். அப்படிப்பட்ட பக்கங்களைக் கூகுளும் ‘இல்லாத பக்கம்’ என்றே எடுத்துக்கொள்ளக்கூடும்.

4. முகவரி மாற்றத்தைக் கூகுளின் சர்ச் கன்சோலில் தெரிவிக்க வசதி உண்டு. பழைய, புதிய முகவரிகள் இரண்டும் உங்கள் பொறுப்பில் இருந்தால்தான் அது நடக்கும். ரீடைரக்டைக் குறைந்தது ஓர் ஆண்டு வைத்திருக்கும்படி கூகுளே சொல்கிறது. அதன் பிறகும் வைத்திருப்பது நல்லது.

5. பழைய டொமைனின் ஆண்டுக் கட்டணத்தையும், பாதுகாப்புச் சான்றிதழையும் தவறாமல் புதுப்பியுங்கள். சான்றிதழ் காலாவதியானால், புதுக் கடைக்குப் போகும் முன்பே ‘இந்தத் தளம் பாதுகாப்பானதல்ல’ என்ற எச்சரிக்கை வாடிக்கையாளரை மிரட்டும்.

ஐந்தாவது விஷயத்தில்தான் பெரிய ஆபத்து இருக்கிறது. கட்டணம் கட்டாமல் விட்டால், குறிப்பிட்ட காலம் கழிந்ததும் அந்த முகவரியை யார் வேண்டுமானாலும் வாங்கலாம். வாங்கியவர் அதே பெயரில் போலிக் கடை விரிக்கலாம். பழைய ஈமெயிலுக்கு வரும் ஆர்டரும் பில்லும் அவர் கைக்குப் போகும். ‘பணத்தை இந்த வங்கிக் கணக்கில் போடுங்கள்’ என்று அவர் பதில் அனுப்பினால், பல ஆண்டுப் பழக்கத்தை நம்பிப் பணம் போடுபவர் நம் வாடிக்கையாளர்தான். ஆகவே வங்கி, ஜிஎஸ்டி பதிவு, மில்காரர்கள் எல்லோரிடமும் புதிய ஈமெயிலைப் பதிவு செய்துவிட்டு, பழையதையும் கைவிடாமல் வைத்திருக்க வேண்டும்.

இதற்கு ஆகும் செலவு ஒரு மூட்டைப் பருப்பின் விலைகூட வராது. எனவே உறுப்பினர்கள் கடை வாங்கினாலும் விற்றாலும், ‘இணைய முகவரியும் ஈமெயிலும் இத்துடன் சேர்ந்தவை’ என்ற ஒரு வரியைப் பத்திரத்தில் தவறாமல் சேர்க்கும்படி கேட்டுக்கொள்கிறோம்.