உஷார்! விடியற்காலை வயிற்றுவலி, பாம்புக்கடியாகவும் இருக்கலாம்

ஐப்பசி மழை இறங்கினால் நம் ஊர் மடவார் வளாகத்தைச் சுற்றியுள்ள வயல், தோப்புகளில் எலி வளைக்குள் தண்ணீர் புகும். எலி வீட்டுக்கு வரும். பின்னாலேயே பாம்பும் வரும்.

நல்ல பாம்பு படமெடுத்தாவது மிரட்டும். கட்டுவிரியன் அப்படியில்லை. ராத்திரியில் தரையில் படுத்திருப்பவரின் பாயில் ஏறிக் கடித்துவிட்டுப் போய்விடும். பெரும்பாலும் வலியில்லை, வீக்கமில்லை, பல் தடம்கூடக் கண்ணில் படாது. விடியும்போது வயிறு வலிக்கும். 'நேத்துச் சாப்பாடு சேரலை' என்று ஓமத்தண்ணி கொடுப்பார்கள். பிறகு இமை தொங்கும், எச்சில் விழுங்க முடியாது, பேச்சு குழறும். கடைசியில் மூச்சு நிற்கும். தரையில் படுத்து எழுந்தவருக்கு வயிற்றுவலியோடு இமையும் சொருகினால், கடிவாயைத் தேடாமல் 108-ஐக் கூப்பிடுங்கள்.

கண்ணாடி விரியன் கடித்தால் வலியும் வீக்கமும் உண்டு. ரத்தம் உறையாது, ஈறில் கசியும், சிறுநீரகம் பழுதாகும். ஆஸ்பத்திரியில் கொஞ்சம் ரத்தத்தைக் கண்ணாடிக் குழாயில் எடுத்து 20 நிமிடம் அசைக்காமல் வைத்துச் சாய்த்துப் பார்ப்பார்கள். உறையாமல் ஓடினால் விஷமுறிவு மருந்துதான். இப்படிப்பட்டவருக்குக் கடிவாயைப் பிளேடால் கீறினால் ரத்தம் எப்படி நிற்கும்? கயிற்றால் இறுக்கிக் கட்டினால் காலே அழுகலாம்.

'ஊசி போட்டால் சரியாகிவிடும்' என்று அசட்டையாகவும் இருக்காதீர்கள். மருந்து பாம்பைப் பொறுத்தது. பிரான்சின் சனோஃபி நிறுவனம் ஆப்பிரிக்கப் பாம்புகளுக்கான 'ஃபாவ் ஆஃப்ரிக்' விஷமுறிவு மருந்தின் தயாரிப்பை 2014-ல் நிறுத்தியது. அதற்கு முன்பே கானாவிலும் சாட் நாட்டிலும் அந்த மருந்துக்குப் பதிலாக வந்த இந்தியத் தயாரிப்பு சரியாக வேலை செய்யவில்லை, சாவு கூடியது. நம்மூர் மருந்து நல்ல பாம்பு, கட்டுவிரியன், கண்ணாடி விரியன், சுருட்டை விரியன் நான்குக்கு மட்டும். அதற்கான விஷத்தில் பெரும்பங்கு வடநெம்மேலி இருளர் கூட்டுறவுச் சங்கத்திலிருந்து போகிறது. மேற்குத் தொடர்ச்சி மலையின் குழிவிரியனுக்கு அது கேட்காது. மலையடிவாரச் செண்பகத்தோப்புப் பக்கம் கடிபட்டால், தள்ளி நின்று போட்டோ எடுக்க முடிந்தால் எடுங்கள், டாக்டருக்கு உதவும். அடித்துத் தூக்கி வரவேண்டாம், அடுத்த கடி உங்களுக்கு விழும்.

தமிழ்நாடு அரசு 2024-ல் பாம்புக்கடியை, ஆஸ்பத்திரிகள் கட்டாயம் தெரிவிக்கவேண்டிய நோயாக அறிவித்தது. நம் தெருவிலோ இன்னும் பார்வை பார்க்கவும் பச்சிலை அரைக்கவும்தான் முதலில் ஓடுகிறார்கள். நம் கோயில் வைத்தியநாத சுவாமியை வேண்டிக்கொள்ளுங்கள், வண்டியில் ஏறியபிறகு! கடிபட்டவரை நடக்கவிடாமல், கடிபட்ட இடத்தை அசைக்காமல் நேரே அரசு ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோங்கள். இன்று ராத்திரியே கட்டிலில் படுங்கள்; கட்டில் இல்லையென்றால் கொசுவலையைக் கட்டி, ஓரத்தைப் பாய்க்கு அடியில் செருகுங்கள்.