பழகிய கட்டத்தில் நிலைக்கும் கண்

கழகங்களுக்கிடையே நிகழும் சதுரங்கப் போட்டிகளில் எதிரெதிரே அமர்வோர் பெரும்பாலும் ஆட்டத்தைத் தொழிலாகக் கொண்டவர் அல்லர். பகலில் வேறு பணி செய்து, மாலையில் பலகைமுன் அமர்பவர்கள். அவர்தம் ஆட்டத்தின் முடிவைப் பலவேளை ஒற்றைப் பிழையே தீர்மானிக்கிறது. அப்பிழையை அறியாமையின் விளைவு என்றே நாம் கருதுகிறோம். அறிந்தவை காரணமாகவும் பிழை நேரும் என்பதே வியப்புக்குரிய உண்மை.

1973இல் அமெரிக்க ஆய்வாளர்கள் வில்லியம் சேசும் எர்பர்ட் சைமனும் ஆட்ட நிலைகளை 5 நொடி மட்டுமே காட்டி, காய்களை நினைவிலிருந்து மீண்டும் அடுக்கச் செய்தனர். தேர்ந்தவர் ஏனையோரை எளிதில் விஞ்சினார். காய்களை ஒழுங்கின்றிக் கலைத்து வைத்தபோதோ அவருடைய மேன்மை ஏறத்தாழ மறைந்துபோயிற்று. அவர் காய்களைத் தனித்தனியே காண்பதில்லை. முன்பு பழகிய அமைப்புகளாகத் தொகுத்தே காண்கிறார்.

அத்தொகுப்பே தளையாகவும் மாறும். பிலாலிச், மெக்லாய்டு, கோபே ஆகியோர் 2008இல் வெளியிட்ட ஆய்வில் ஆட்டக்காரர்கள்முன் வைத்த நிலைக்கு இரு தீர்வுகள் இருந்தன. ஒன்று கழக ஆட்டக்காரர் நன்கறிந்த உத்தி: அரசியைப் பலியிட்டு, எதிரியின் கோட்டையை அவன் அரசனருகே வரச்செய்து, சொந்தக் காய்களுக்கிடையே நெருக்குண்ட அவ்வரசனைக் குதிரையால் வீழ்த்துதல். இதற்கு 5 நகர்வுகள் வேண்டும். பழக்கமில்லாத மற்றொன்றுக்கு 3 நகர்வுகளே போதும். முதலாவதைக் கண்டவர்களிடம் இன்னும் குறுகிய வழியைத் தேடுமாறு கூறினர். தேடுவதாகவே அவர்கள் சொன்னார்கள், மனமாரச் சொன்னார்கள். விழியசைவைப் பதிந்த கருவியோ வேறு செய்தி தந்தது. பழைய தீர்வுக்குரிய கட்டங்களிலேயே அவர்கள் பார்வை மீண்டும் மீண்டும் படிந்தது. பழகிய உத்தி செல்லாதவாறு நிலையைச் சிறிது மாற்றியபோது, குறுகிய வழி புலப்பட்டது.

ஆகவே தடையாய் நின்றது திறன் குறைவன்று. மனத்தில் எழுந்த முதல் எண்ணம் தனக்குச் சான்றாகும் கட்டங்களை நோக்கியே கண்ணைச் செலுத்துகிறது. அங்குக் காண்பவை அதே எண்ணத்தை வலுப்படுத்துகின்றன. மிகத் தேர்ந்தவர்களிடம் இப்பிணிப்புத் தளர்வதையும் இவ்வாய்வாளர்கள் கண்டறிந்தனர். கடிகாரம் ஓடிக்கொண்டிருக்க, கழக ஆட்டக்காரர் அதிலிருந்து விடுபடுதல் அரிது.

ஆட்டம் முடிந்தபின் வென்றவரும் தோற்றவரும் ஒருங்கே அமர்ந்து நகர்வுகளை ஆராயும் வழக்கத்தை இதனாலேயே நான் பெரிதும் மதிக்கிறேன். சிறந்த நகர்வைக் கணினி நொடியில் காட்டிவிடும்; ஆட்டக்காரரின் எண்ணம் எங்கே சிக்கி நின்றது என்பதை அது அறியாது. எதிரே அமர்ந்தவரோ அதே நிலையை வேறு அச்சங்களோடும் வேறு நோக்கங்களோடும் நோக்கியவர். தாம் எதற்கு அஞ்சினார் என்று அவர் சொல்லும்போது, மற்றவர் ஒருமுறையும் நோக்காத கட்டம் எதுவெனத் தெரியவருகிறது.