எல்லோர் முன்னாலும் கேலி செய்தவரைக் கொண்டாடிய சந்திரசேகர்!

1930, ஜூலை 31. பம்பாயிலிருந்து கிளம்பிய கப்பலில் 19 வயது இளைஞர் ஒருவர் கணக்குப் போட்டுக்கொண்டிருந்தார். சென்னை மாநிலக் கல்லூரியில் படித்து, உதவித்தொகையில் கேம்பிரிட்ஜுக்குப் போகும் சுப்பிரமணியன் சந்திரசேகர். சர் சி.வி.ராமனின் அண்ணன் மகன்.

எரிபொருள் தீர்ந்த நட்சத்திரங்கள் எல்லாமே சுருங்கி, 'வெள்ளைக் குள்ளன்' என்ற நிலையில் அமைதியாக அடங்கிவிடும் என்பதுதான் அன்றைய நம்பிக்கை. சந்திராவின் கணக்கு வேறு விடை சொன்னது. அந்த நிலைக்கு ஓர் எல்லை உண்டு. நிறை அதைத் தாண்டினால் சுருங்குவது நிற்காது! சூரியனைப்போல சுமார் 1.4 மடங்கு என்று இன்று சொல்லப்படும் 'சந்திரசேகர் எல்லை' இதுதான்.

அந்த ஒரு மாலை

1935, ஜனவரி 11. லண்டன் ராயல் வானியல் கழகக் கூட்டத்தில் சந்திரா தன் முடிவுகளை விளக்கி அமர்ந்தார். அடுத்து எழுந்தவர் ஆர்தர் எடிங்டன். 1919 சூரிய கிரகணத்தின்போது ஐன்ஸ்டீனின் கோட்பாட்டைச் சோதித்து உலகப்புகழ் பெற்றவர். அதுவரை சந்திராவின் அறைக்கே வந்து, கணக்கு எவ்வளவு தூரம் முடிந்திருக்கிறது என்று அக்கறையாக விசாரித்தவரும் அவர்தான்.

அதே எடிங்டன், நட்சத்திரம் இப்படி அபத்தமாக நடந்துகொள்ளாமல் தடுக்க இயற்கையில் ஒரு விதி இருந்தே ஆக வேண்டும் என்றார். கணக்கில் தவறு காட்டவில்லை. அந்தக் கணக்கின் அடிப்படையான சமன்பாட்டையே ஏற்க மறுத்தார். கூட்டம் முடிந்ததும் பலர் வந்து சந்திராவிடம் அனுதாபம் சொன்னார்கள். அவர் சொல்வதே சரி என்று தனியாக ஒப்புக்கொண்ட பெரிய இயற்பியலாளர்கள்கூட, எடிங்டனை எதிர்த்து வெளியே பேசவில்லை.

24 வயதுக்காரருக்கு அது எவ்வளவு வலித்திருக்கும்! சந்திரா அமெரிக்கா போனார். தன் ஆய்வை 1939-ல் புத்தகமாக எழுதி வைத்துவிட்டு, வேறு துறைக்கு நகர்ந்தார்.

வன்மம் வளர்க்கவில்லை

ஆனால், எடிங்டனுடனான நட்பை அவர் முறித்துக்கொள்ளவில்லை. இருவருக்கும் கடிதப் போக்குவரத்து தொடர்ந்தது. 1944-ல் எடிங்டன் இறந்தபோது, அந்தக் காலத்தின் மிகப்பெரிய வானியலாளர்களின் வரிசையில் அவரை வைத்து இரங்கல் உரை நிகழ்த்தினார். 1982-ல் எடிங்டன் நூற்றாண்டுக்காக கேம்பிரிட்ஜில் சொற்பொழிவாற்றியவரும் சந்திராதான். மறு ஆண்டே அவருக்கு நோபல் பரிசு.

ஒரு மாமேதை எப்படி இவ்வளவு பெரிய தவறு செய்தார்? இதைப் பற்றி சந்திரா பிற்காலத்தில் நிறைய யோசித்திருக்கிறார். ஒரு விஷயத்தில் பிரமாண்டமாக ஜெயித்தவர்களுக்கு, 'நான் பார்க்கும் விதம்தான் சரி' என்ற நினைப்பு வந்துவிடுகிறது. ஆனால், எவ்வளவு பெரிய மூளையையும்விட இயற்கை பெரியது. அதை மறப்பதுதான் சறுக்கல். இதுவே அவர் வந்து சேர்ந்த முடிவு.

அந்தச் சறுக்கல் தனக்கும் வரக்கூடும் அல்லவா? சுமார் பத்தாண்டுகளுக்கு ஒருமுறை, தான் வல்லவரான துறையை விட்டுவிட்டு, புதிய துறையில் முதல் பாடத்திலிருந்து தொடங்குவது அவர் வழக்கமாக இருந்தது.

80 வயதில் ஒரு மாணவர்

நோபல் வாங்கிய பிறகும் அது நிற்கவில்லை. எண்பது வயதை ஒட்டிய ஆண்டுகளில் நியூட்டனின் 'பிரின்சிபியா'வைக் கையில் எடுத்தார். அதிலுள்ள தேற்றங்களுக்கு, நியூட்டனின் நிரூபணத்தைப் பார்க்காமல் முதலில் தானே நிரூபணம் எழுதுவார். பிறகு இரண்டையும் பக்கத்தில் வைத்து ஒப்பிடுவார். நியூட்டனுக்குப் பிந்தைய 300 ஆண்டுக் கணிதமும் கையில் இருந்தும், நியூட்டனுடையதே மேல் என்றார். ஆசிரியரை வியந்து பார்க்கும் பள்ளிக்கூடப் பையனைப்போல உணர்ந்ததாக மகிழ்ச்சியோடு ஒப்புக்கொண்டார்.

அந்தப் புத்தகம் வெளியானது 1995-ல். அதே ஆண்டு ஆகஸ்டில் சந்திரா மறைந்தார். நான்கு ஆண்டுகள் கழித்து நாசா விண்ணில் ஏவிய எக்ஸ்-கதிர் தொலைநோக்கிக்கு 'சந்திரா' என்று பெயர். 1935-ல் அபத்தம் என்று ஒதுக்கப்பட்ட அந்த நட்சத்திரங்களின் முடிவைத்தான், கருந்துளைகளைத்தான், அதுவும் தேடிப் பார்த்துக்கொண்டிருக்கிறது.